மரத்தூள் மருந்து

எங்கள் துப்பாக்கி கிளப்பின் சுவரில் விதிகள் எழுதிய நீளப் பலகை ஒன்று தொங்குகிறது. அதில் பாதியை யாரும் படித்ததில்லை. ஆனால் எங்குமே எழுதாத விதி ஒன்றை எல்லோரும் கடைப்பிடிக்கிறார்கள்: அடுத்தவன் அடைத்த தோட்டாவை உன் துப்பாக்கியில் போடாதே. அவன் உன் கல்யாணத்துக்குத் தோழனாக நின்றவனாக இருக்கட்டும், போடாதே. வெடிமருந்தை அளந்துகொண்டிருந்தபோது அவன் மனைவியோடு சண்டை போட்டானா, போன் அடித்து நடுவில் எழுந்து போனானா, உனக்கெப்படித் தெரியும்? தவறு அவனுடையது, போகிற விரல் உன்னுடையது.

முப்பது வருஷமாக நான் அந்த விதியை மீறிக்கொண்டிருந்தேன். என் அண்ணன் ஓரின் அடைத்த தோட்டாவைத் தவிர வேறெதுவும் என் ரிவால்வருக்குள் போனதில்லை. அதற்காக யாரும் என்னை ஒரு வார்த்தை சொன்னதுமில்லை. மொன்டானாவில் எங்கள் மூலையில் ஓரினுக்கு அப்படி ஒரு பெயர். டெலிபோன் கம்பெனிக்காகக் கம்பம் ஏறி ஓய்வு பெற்றவன். உறைபனியில் உச்சியில் தொங்கிக்கொண்டு வேலை செய்தவனுக்குக் கவனம் என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவன் தங்கை நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டினேன். பின்னால் நாற்பது பிள்ளைகள் கத்த, பனியில் வழுக்காமல் ஓட்டுவதும் லேசுப்பட்ட காரியமில்லை. ஆனால் அதற்கெல்லாம் யார் பெயர் கொடுக்கிறார்கள்?

தோட்டா அடைப்பது பார்க்க எளிது. சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைத் துடைத்து, அடியில் தீப்பொறி தரும் புதுப் பொட்டு பதித்து, மருந்தை அளந்து ஊற்றி, ஈயக் குண்டை மேலே அழுத்தி மூடினால் மறுபடியும் தோட்டா. எந்த மருந்தை ஊற்றுவது என்பதில்தான் சண்டை. எங்கள் ஊர் ஆண்கள் தேர்தலைப் பற்றிப் பேசிக் கசந்து போவதைவிட மருந்தைப் பற்றிப் பேசிக் கசந்து போனதுதான் அதிகம். ஓரின் ஆதியிலிருந்தே ஒரு கட்சி. அவனுடைய மருந்துக்கு கிளப்பில் கஞ்சன் என்று பெயர். ஒரு சிட்டிகை போட்டால் போதும், ஒரு டப்பா குளிர்காலம் முழுக்க வரும். சத்தம் மெத்தென்று இருக்கும், புகை கிடையாது, கை அழுக்காகாது. இன்னொரு மருந்து இருக்கிறது, பொருபொருவென்று பெரிய பெரிய செதிலாக. அதை மரத்தூள் என்பார்கள். புதிதாகச் சேருகிறவர்களிடம் முதலில் அதைத்தான் கொடுப்பார்கள். "மரத்தூளப் போட்டா துப்பாக்கி சுடுதா, அடுப்பு எரியுதான்னு தெரியாது," என்று ஓரின் சிரிப்பான்.

போன வருஷம் ஆகஸ்டில் ஓரின் மரத்தூளுக்கு மாறினான்.

யாரிடமும் சொல்லவில்லை. வழக்கம்போல எனக்குச் சிவப்பு டப்பாவில் தோட்டா வந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் கிளப்பின் நிலவறையில் சுடும் வரிசையில் நின்று முதல் ஐந்தைச் சுட்டேன். கண்ணெதிரே சாம்பல் நிறத்தில் ஒரு மேகம். எரியாத செதில்கள் முன்கையில் ஒட்டிக்கொண்டன. உள்ளங்கை கறுத்துப் போயிற்று.

பின்னால் மிளகாய் பீன்ஸ் சட்டியைக் கிளறிக்கொண்டிருந்த மெர்ல் கரண்டியோடு ஓடி வந்தான். மெர்ல் ஓரினோடு கம்பம் ஏறியவன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் திட்டாமல் ஒரு நாளும் போனதில்லை.

"டேய் ஓரின், என்னடா இது? ஈர விறகப் போட்ட மாதிரி புகையுது?"

"மருந்து மாத்திருக்கேன்."

"இது மரத்தூளுடா! நீயா? உனக்கு என்னடா ஆச்சு, கத்துக்குட்டிங்க மாதிரி?"

"மாத்திக்கிட்டேன். அவ்ளோதான். உன் சட்டி தீயுது, போய்ப் பாரு."

சட்டி நிஜமாகவே தீய்ந்துகொண்டிருந்தது. எல்லோரும் சிரித்தார்கள், அன்றைக்கு அதோடு விட்டது.

நான் விடவில்லை. வாரா வாரம் அவன் முகத்துக்கு நேரே கையை நீட்டினேன்.

"பாரு, ஓரின். பஸ் எஞ்சினைப் பிரிச்சுப் போட்டவ கை மாதிரி இருக்கு. பழசையே போடேன்."

"வீட்ல சோப்பு இல்லையா?"

"சோப்பு இருக்கு. உனக்குத்தான் மூளை இல்ல."

இப்படித்தான் நாங்கள் சின்ன வயதிலிருந்து பேசிக்கொள்வது. அதற்கு அவன் எப்போதும் பதிலுக்குப் பதில் கொடுப்பான். அந்த முறை என் கையில் ஒட்டியிருந்த செதில்களைத் தன் கைக்குட்டையால் தட்டிவிட்டான். எனக்கு அது வினோதமாகக்கூடப் படவில்லை.

செப்டம்பரில் நாய் விஷயம் நடந்தது. நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போன ஓரின், தபால் நிலையத்து வாசலில் அதைக் கட்டிப்போட்டுவிட்டு, கடிதத்தைப் போட்டுவிட்டு, கைவீசிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான். "நாய் எங்கன்னு கேட்டேன். எந்த நாய்ங்கறான்," என்று அவன் மனைவி ட்வைலா என்னிடம் சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், சிரித்து முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவன் டிரக்கை ஓட விட்டுவிட்டு மளிகைக் கடைக்குள் போய் வெகுநேரம் நின்றது, இறந்துபோன எங்கள் சித்தப்பாவுக்குப் பிறந்தநாள் அட்டை வாங்கி வந்தது என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே வந்தது. டாக்டரிடம் போகச் சொன்னால், "கம்பத்துல ஏறச் சொல்லு, இப்பவும் ஏறறேன்," என்பான்.

அக்டோபரில் ஒரு நாள் மெர்ல் என்னைத் தன் டிரக் பக்கம் கூப்பிட்டான். தொப்பியைக் கழற்றினான். சாவு வீட்டைத் தவிர மெர்ல் வேறெங்கும் தொப்பி கழற்றுகிறவனில்லை.

"வோனி, தப்பா எடுத்துக்காத. அவன் அடைக்கறதை நீ இனிமே சுடாத."

"என்ன உளர்ற?"

"முப்பது வருஷம் ஒரே மருந்துன்னு சத்தியம் பண்ணவன், காரணமில்லாம ஒரு நாள் காலைல மாத்துவானா? கேட்டா சொல்லத் தெரியல. நாயை மறக்கறான். நாளைக்கு மருந்தளவு மறக்க மாட்டானா? அவன் எனக்கும் சகோதரன் மாதிரிதான். ஆனா துப்பாக்கிய உன் மூஞ்சிக்கு முன்னாடி பிடிக்கறது நீ."

நான் கோபப்பட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் அவனைத் திட்டினேன், பாத்திரம் கழுவிக்கொண்டே திட்டினேன். பாத்திரம் முடிந்தபோது பயம் வந்துவிட்டது. பயம் வந்தபின் என் விரல்களை நானே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் இரும்புக் கடைக்குப் போய்க் கம்பெனித் தோட்டா ஒரு பெட்டி வாங்கினேன்.

இதை வெளியூர்க்காரர்களிடம் சொன்னால், கடையில் ஒரு பெட்டி வாங்கியதற்கா இத்தனை, என்பார்கள். எங்கள் இடத்தில் அது அப்படியில்லை. எனக்காகத் தோட்டா அடைக்க ஒருவன் இருக்கிறான், அவன் பக்கத்து வரிசையில் நிற்கிறான், அவன் கண்ணெதிரே நான் கம்பெனிப் பெட்டியைத் திறக்கிறேன் என்றால், அவன் சமைத்த சாப்பாட்டை அவன் முன்னாலேயே நாய்க்குப் போட்ட மாதிரி. எனக்கு அது தெரியும். தெரிந்தும், வீட்டுக்குப் போய் அவனிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நாலு பேர் இருக்கிற இடத்தில் செய்தால் பேச்சு வளராது என்று கணக்குப் போட்டேன். கோழைத்தனத்துக்கு இவ்வளவு நல்ல காரணங்கள் கிடைக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

வியாழக்கிழமை கிளப்பில் சுடும் மேஜையில் பெட்டியை வைத்தேன். புது அட்டை, திறக்கும்போது ஒரு சத்தம் போட்டது. ஓரின் பக்கத்து இடத்திலிருந்து திரும்பிப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான், அப்புறம் என்னை.

"கடைல வாங்கினியா?"

"ஆமா. சும்மா... மாத்திப் பாக்கலாம்னு."

"சரி."

பின்னால் மிளகாய் பீன்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. மெர்ல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஓரின் காதுமூடியை மாட்டிக்கொண்டு தன் தோட்டாக்களைச் சுட்டான். அன்றைக்கு அவன் நன்றாகத்தான் சுட்டான், எங்கள் எல்லோரையும்விட நன்றாக. அது எனக்கு இன்னும் வலிக்கிறது.

ஒவ்வொரு சுற்று முடிந்ததும் அவன் ஒரு காலி காப்பி டப்பாவை என் பக்கம் நீட்டுவான், நான் வெற்றுக் கூடுகளை அதில் கொட்டுவேன். அடுத்த வாரம் அதே கூடுகள் தோட்டாவாக என்னிடம் திரும்பி வரும். அன்று அவன் டப்பாவை நீட்டவில்லை. என் கூடுகளைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். கடைசியில் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.

அடுத்த வியாழன் அவன் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. ட்வைலா போன் செய்தாள். "மேஜைலேர்ந்து அந்தத் தோட்டா அடைக்கற இயந்திரத்தக் கழட்டிப் போர்வைல சுத்தி வெச்சுட்டான், வோனி. மிச்ச மருந்தை வெளிய புல்லுல தூவிட்டான். பனி விழறதுக்கு முன்னாடி புல்லுக்கு நல்ல உரமாம்." பிறகு, "ஒரு விதத்துல நிம்மதி," என்றாள். நானும் நிம்மதி என்றேன். போனை வைத்த பிறகு இரண்டு பேருமே அழுதிருப்போம் என்று நினைக்கிறேன், நான் அழுதேன்.

அவன் அடைத்த தோட்டா என் வீட்டில் இரண்டு டப்பா மிச்சமிருந்தது. யாரும் பொறுப்பேற்காத தோட்டாவைச் சுடவும் கூடாது, குப்பையில் போடவும் கூடாது. பிரித்துவிட வேண்டும். நவம்பரில் ஒரு சனிக்கிழமை, அவற்றை எடுத்துக்கொண்டு மெர்லின் கராஜுக்குப் போனேன்.

பிரிப்பதற்கு சுத்தியல் போல ஒரு சாமான் இருக்கிறது. அதன் தலைக்குள் தோட்டாவைச் செருகி ஓங்கித் தட்டினால் குண்டும் மருந்தும் உள்ளே தனியாக விழுந்துவிடும். மெர்ல் தட்டினான், நான் குண்டுகளைப் பொறுக்கினேன். ஒவ்வொன்றிலிருந்தும் விழுந்த மருந்தை அவன் சின்னத் தராசில் வைத்துப் பார்த்தான். தப்பைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று இருவருமே உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தோம். ஒரு தப்பு, ஒன்றே ஒன்று கிடைத்தால், நாங்கள் செய்தது சரி.

கிடைக்கவில்லை. முதல் டப்பா முழுக்க முள் ஒரே இடத்தில் நின்றது. இரண்டாவது டப்பாவிலும் அப்படியே.

"மயிரிழை கூட மாறல," என்றான் மெர்ல்.

"அப்படின்னா கை நல்லாத்தான இருந்திருக்கு. அப்புறம் எதுக்கு மருந்தை மாத்தினான்?"

மெர்ல் மேஜைப் பக்கம் திரும்பினான். ஒரு வெற்றுக் கூட்டை எடுத்து நிமிர்த்தி வைத்து, பிரித்த மருந்தில் ஒரு அளவை அதில் கொட்டினான். பொருபொருவென்று கூட்டின் பாதிக்கு மேல் ஏறி நின்றது. பிறகு இன்னொரு அளவையும் எடுத்து அதன் மேலேயே கொட்டினான். மருந்து வாயைத் தாண்டி வழிந்தது, மேஜையில் சிதறியது, தரையில் விழுந்தது.

அவன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

"என்ன மெர்ல்?"

"கத்துக்குட்டிங்களுக்கு ஏன் மரத்தூளக் குடுக்கறோம்னு தெரியுமா உனக்கு?"

"நான் சுடறவ. அடைக்கறவ இல்ல. சொல்லு."

"கஞ்சன் ஒரு சிட்டிகைதான். கூட்டுக்கு அடியில போய்க் கெடக்கும். ஞாபகமில்லாம ரெண்டாந்தடவை ஊத்தினாலும் அடியிலதான் கெடக்கும், கண்ணுல படாது. சுட்டா துப்பாக்கி கையிலயே வெடிக்கும். மரத்தூள்ல அது நடக்காது. ரெண்டாந்தடவை ஊத்தினா வெளிய கொட்டிடும், குருடனுக்குக்கூடத் தெரியும்." மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "புதுசா வர்ற ஒவ்வொருத்தனுக்கும் நாந்தான் இதச் சொல்லுவேன். அவனப் பக்கத்துல வெச்சுக்கிட்டே சொல்லுவேன். அவனுக்கு இது எதுக்குன்னு எனக்குத் தோணவே இல்லயே, வோனி."

எனக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. அவன் மறப்பதை எங்களுக்கெல்லாம் முன்னால் அவனே கண்டுபிடித்துவிட்டான். நாய்க்கு முன்னால், டிரக்குக்கு முன்னால், ஆகஸ்டிலேயே. கண்டுபிடித்ததும் அவன் முதலில் நினைத்தது என் கையை. முப்பது வருஷம் கேலி செய்த மருந்தை வாங்கி வந்து, கிளப் முழுக்கச் சிரித்தபோது வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறான். அவன் புத்தி பேதலித்ததற்கு அத்தாட்சி என்று நாங்கள் எதைப் பிடித்துக்கொண்டோமோ, அந்த வருஷத்தில் எங்கள் மூன்று பேரில் யார் செய்ததிலும் மிகத் தெளிவான காரியம் அதுதான்.

கராஜிலிருந்து நேராக அவன் வீட்டுக்குப் போனேன். ட்வைலா தேவாலயத்தில் போர்வை தைக்கும் கூட்டத்துக்குப் போயிருந்தாள். ஓரின் சமையலறை மேஜையில் சூப்பில் உப்பு பிஸ்கட்டை உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தான். காலடியில் நாய். என்னைப் பார்த்ததும், "குளிர்ல கதவத் தொறந்து வெக்காத," என்றான். எல்லாம் பழையபடி இருந்தது. நான் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"மெர்ல் உன் தோட்டாவையெல்லாம் பிரிச்சான். எல்லாம் சரியா இருக்கு."

"தெரியும்."

"ரெண்டு தடவை ஊத்தினா கொட்டிடும். அதுக்குத்தான மரத்தூளுக்கு மாத்தின?"

அவன் ஒரு பிஸ்கட்டை உடைத்தான், இன்னொன்றை உடைத்தான். "கோடைல ஒரு நாள் பாதில யாரோ கதவத் தட்டினாங்க. போய்ட்டு வந்து பாத்தா எந்த வரிசை வரைக்கும் ஊத்தினேன்னு தெரியல. விளக்கடிச்சுப் பாத்தேன். கொஞ்ச நேரங்கழிச்சு, பாத்தேனாங்கறதே தெரியல. அவ்வளவையும் பிரிச்சுப் போட்டேன். அதெல்லாம் உனக்கு அடைச்சது."

"இயந்திரத்த மறுபடி மாட்டு, ஓரின். அந்தக் கம்பெனிப் பெட்டிய ஆத்துல போடறேன். நீ அடை, நான் பக்கத்துல உக்காந்து பாத்துக்கறேன்."

"வேணாம்."

"கோவமா?"

"கோவம் இல்ல. ரெண்டு தடவை ஊத்தினாதான் மரத்தூள் காட்டிக் குடுக்கும். ஊத்தவே மறந்துட்டா என்ன பண்ணும்? பொட்டு மட்டும் வெடிச்சு குண்டு குழாய்க்குள்ளயே நின்னுடும், நீ தெரியாம அடுத்தத அதுக்குப் பின்னாடியே சுடுவே, குழாயே வெடிச்சுடும். அதுக்கு ஒரு மருந்தும் யாரும் கண்டுபிடிக்கல." சூப்பை ஒரு வாய் குடித்தான். "கிறிஸ்மஸ் வரைக்கும் அடைச்சுட்டு நானே நிறுத்திடலாம்னு இருந்தேன். பெட்டி வாங்கினது தப்பில்ல, வோனி. நானா இருந்தாலும் வாங்கியிருப்பேன்."

எனக்கு ஒரு கணம் மனசு லேசாகிவிட்டது. அதற்காக இன்று வரை வெட்கப்படுகிறேன். ஏனென்றால் அவன் இன்னும் முடிக்கவில்லை.

"ஆனா வாரா வாரம் கையக் கொண்டாந்து காட்டினே. அழுக்குன்ன, புகைன்ன, மூளை இல்லைன்ன. மெர்ல் அத்தன பேரு முன்னாடி கேட்டப்போ என்னால சொல்ல முடியல. நாம தனியா இருக்கறப்போ நீ கேப்பன்னு காத்திருந்தேன். ஏன் மாத்தினன்னு ஒரே ஒரு தடவை. கேட்டிருந்தா உங்கிட்ட சொல்லியிருப்பேன்."

நான் அவனுக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"இப்பக் கேக்கறேன். ஏன் மாத்தின, ஓரின்?"

"இப்பத்தான் உனக்குத் தெரிஞ்சுபோச்சே," என்று சொல்லிவிட்டு, குனிந்து நாய்க்கு ஒரு துண்டு பிஸ்கட்டைப் போட்டான்.